லண்டனில் ஆய்ஸ்டர் அட்டையும் கட்டண மண்டலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் பெற்றோர், மேற்படிப்புக்கு வரும் மாணவர், புதிதாக வேலையில் சேர்ந்தவர் எனப் பலர் ஈஸ்ட் ஹாமில் உள்ள எங்கள் வீட்டில் தங்கிப் போயிருக்கிறார்கள். வந்த மறுநாள் காலையில் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றை விடைகளுடன் எழுதி வைப்பது பயன்படும் என்று தோன்றியது. ஆய்ஸ்டர் என்பது லண்டனின் ரயில்களிலும் பேருந்துகளிலும் முன்கூட்டியே பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பயண அட்டை. இங்கே தரப்படும் தொகைகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த கட்டணங்கள். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தை ஒட்டிக் கட்டணம் மாறுவது வழக்கம் என்பதால், பயணத்துக்கு முன் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கிடும் முறை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

மண்டலம் என்றால் என்ன? எங்கள் வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது?

வீட்டில் எல்லோரும் ‘சோன்’ என்று சொல்வது இதைத்தான். குளத்தில் கல்லை எறிந்தால் வட்டம் வட்டமாக அலை விரிவதுபோல, நகரின் நடுப்பகுதியை 1 என்று வைத்து, அதைச் சுற்றி 2, 3 என்று 6 வரை ரயில் நிலையங்களைப் பிரித்திருக்கிறார்கள். ஹீத்ரோ விமான நிலையம் 6-ஆம் மண்டலம். வடமேற்கில் மெட்ரோபாலிட்டன் தடம் நகர எல்லையையும் தாண்டிச் செல்வதால் அங்கே மட்டும் 7, 8, 9 ஆகியவையும் உண்டு. ஆமர்ஷம், செஷம் இரண்டும் 9-ஆம் மண்டலத்தில் இருக்கின்றன. தமிழர் நிறைய வாழும் இடங்களைச் சொன்னால், டூட்டிங் பிராட்வே 3-இலும், வெம்ப்லி பார்க்கும் இல்ஃபோர்டும் 4-இலும், ஹாரோ ஆன் த ஹில் 5-இலும் வரும். ஈஸ்ட் ஹாம் 3-க்கும் 4-க்கும் இடையிலான எல்லை நிலையம். எல்லை நிலையத்துக்கு இரண்டு மண்டலங்களும் பொருந்தும் என்பதால், உங்கள் பயணத்துக்கு எது மலிவோ அதையே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

கட்டணம் நீங்கள் கடந்த மண்டலங்களைப் பொறுத்தது. அதிலும் 1-ஆம் மண்டலத்தைத் தொட்டீர்களா இல்லையா என்பதே பெரிய வேறுபாடு. சென்னை மெட்ரோவில் போன தூரத்தைக் கொண்டு கட்டணம் கணக்கிடுவதால், அங்கே பழகியவர்களுக்கு இது முதலில் புதிதாக இருக்கும். ஒரே மண்டலத்துக்குள் பல நிலையங்கள் போனாலும் கட்டணம் ஒன்றுதான். மண்டல எல்லையைத் தாண்டி ஒரு நிலையம் போனால்கூடத் தொகை கூடலாம்.

இந்த வட்டங்கள் எப்போது, எதற்காக வந்தன?

1981 வரை சுரங்க ரயிலில் தூரத்துக்கு ஏற்ற கட்டணம்தான் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், அப்போதைய லண்டன் பெருநகர மன்றம் ‘ஃபேர்ஸ் ஃபேர்’ என்ற திட்டத்தின் கீழ் கட்டணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்து, நகரின் நடுப்பகுதிக்கு மண்டல முறையைக் கொண்டுவந்தது. குறைந்த வருவாயை ஈடுகட்ட வீட்டு வரி கூடியது. சுரங்க ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லாத பிரோம்லி வட்டாரம், தன் மக்கள் ஏன் அதற்கு வரி கட்ட வேண்டும் என்று வழக்குத் தொடுத்தது. 1981 டிசம்பரில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை, அந்தக் கட்டணக் குறைப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. 1982 மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கானது. பிறகு 1983 மே மாதத்தில் கட்டணத்தை மீண்டும் குறைத்து, நகரம் முழுவதையும் ஐந்து மண்டலங்களாக்கி, பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் சேர்த்து ‘டிராவல்கார்டு’ என்ற பயணச்சீட்டை வெளியிட்டார்கள். 1991-இல் கடைசி வட்டத்தை 5, 6 என இரண்டாகப் பிரித்தார்கள். இன்று நாம் வரைபடத்தில் வெள்ளையும் சாம்பலுமாக மாறி மாறிக் காணும் பட்டைகளுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வழக்காடல் இருந்திருக்கிறது.

ஆய்ஸ்டர் அட்டை 2003-இல் வந்தது. ‘ஆய்ஸ்டர்’ என்றால் சிப்பி. சிப்பிக்குள் முத்து பத்திரமாக இருப்பதுபோல அட்டைக்குள் பணம் பத்திரமாக இருக்கும் என்பதும் அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. முத்துக்குளித்த கடற்கரையிலிருந்து வந்த நமக்கு இந்தப் பெயர் சட்டென்று மனத்தில் பதிந்துவிடுகிறது.

ஆய்ஸ்டர் வாங்க வேண்டுமா, வங்கி அட்டையே போதுமா?

பெரியவர்கள் முழுக் கட்டணத்தில் பயணம் செய்வதாக இருந்தால், தொடாமலே பணம் செலுத்தும் வசதி உள்ள வங்கி அட்டையோ, அதே வசதி உள்ள கைப்பேசியோ போதும். கட்டணம் இரண்டிலும் ஒன்றுதான். வங்கி அட்டைகள் பேருந்தில் 2012 டிசம்பரிலிருந்தும், சுரங்க ரயிலில் 2014 செப்டம்பரிலிருந்தும் ஏற்கப்படுகின்றன.

இரண்டும் உள்ளே வேலை செய்யும் விதம் வேறு. ஆய்ஸ்டர் அட்டையில் நீங்கள் ஏற்றிய பணம் அட்டையில் உள்ள ‘சிப்’ என்னும் சில்லிலேயே பதிவாகியிருக்கும். வெளியேறும் கதவில் அட்டையை வைத்த அந்த நொடியிலேயே கட்டணம் கழிந்து, மீதித் தொகை சின்னத் திரையில் தெரியும். வங்கி அட்டையிலோ, எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு வைத்தீர்கள் என்ற குறிப்பு மட்டுமே நடுவண் கணினிக்குப் போகும். அன்றைய பயணங்கள் அனைத்தையும் இரவில் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு, ஒரே தொகையாக வங்கியிலிருந்து எடுப்பார்கள். அதனால்தான் வங்கி அட்டையை வைக்கும்போது கதவில் தொகை எதுவும் தெரிவதில்லை. ஒவ்வொரு பயணத்திலும் எவ்வளவு போனது என்று கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்று நினைக்கும் நம் வீட்டு மூத்தவர்களுக்கு ஆய்ஸ்டரையே வாங்கிக் கொடுங்கள் என்பேன்.

சலுகைக் கட்டணம் உள்ளவர்களுக்கும் ஆய்ஸ்டர்தான் பொருத்தம். எடுத்துக்காட்டாக, 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கான ரெயில்கார்டு என்ற ரயில் சலுகை அட்டை வைத்திருக்கும் மாணவர், அதைச் சுரங்க ரயில் நிலைய ஊழியரிடம் காட்டி ஆய்ஸ்டருடன் இணைத்துக்கொண்டால், நெரிசலற்ற நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வங்கி அட்டையில் இதை இணைக்க முடியாது.

ஆய்ஸ்டர் அட்டைக்கென்று கொடுக்கும் விலை திரும்பக் கிடைக்காது. அதில் ஏற்றிய பணம் காலாவதியாவதில்லை. ஐந்து ஆண்டு கழித்து அடுத்த பேரப்பிள்ளையைப் பார்க்க வரும்போதும் அதே அட்டையைப் பயன்படுத்தலாம்.

இந்திய வங்கி அட்டை லண்டன் ரயில் நிலையத்தில் வேலை செய்யுமா?

விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டைகள் வேலை செய்யும். ரூபே அட்டையை மட்டும் நம்பி வர வேண்டாம். ஊரிலிருந்து புறப்படும் முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரப்படும் அட்டை உள்நாட்டில் ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் செருகிப் பயன்படுத்துவதற்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனை, தொடாமல் செலுத்துதல் ஆகிய இரண்டையும் அட்டைதாரரே வங்கிச் செயலியில் தனித்தனியாக இயக்கிவிட வேண்டும். ஒன்றை இயக்கி மற்றொன்றை மறந்துவிட்டால், கதவு திறக்காது. பயணக் கட்டணத்துடன் அந்நியச் செலாவணிக்கான வங்கிக் கட்டணமும் சேரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பல வாரம் தங்குபவர்களுக்கு ஆய்ஸ்டரே சிக்கனமாக அமையும்.

அட்டையை எங்கே, எத்தனை முறை வைக்க வேண்டும்?

ரயில் என்றால் நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை. பேருந்திலும் தென்லண்டனில் ஓடும் டிராமிலும் ஏறும்போது மட்டும். பேருந்துக்கு மண்டலமே கிடையாது, எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம் என்பதால் இறங்கும் இடம் அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. ரயிலில் இந்த இரண்டு தொடுதல்கள்தான் எல்லாமே. நீங்கள் எங்கிருந்து எங்கே போனீர்கள் என்பதை அறிய அமைப்புக்கு வேறு வழி இல்லை.

அதிகம் தவறு நடப்பது டி.எல்.ஆர். என்னும் இலகு ரயிலில். அதன் நிலையங்கள் பெரும்பாலானவற்றில் தடுப்புக் கதவு கிடையாது; படிக்கட்டின் அடியிலோ நடைமேடையிலோ ஒரு கம்பத்தில் மஞ்சள் வட்டம் போட்ட ரீடர் மட்டும் நிற்கும். கதவு மறிக்காததால், பேச்சு மும்முரத்தில் நேராக நடந்து வெளியே வந்துவிடுகிறார்கள். அந்தக் கம்பத்தைத் தேடிப் போய் அட்டையை வையுங்கள். கூட்டம் மிகுந்து கதவுகளைத் திறந்தே வைத்திருக்கும் நிலையத்திலும் அப்படியே செய்யுங்கள்.

ஒரு முறை வைக்க மறந்தால் என்ன ஆகும்?

பயணம் முழுமையடையாததாகக் கருதப்பட்டு, அதிகபட்சக் கட்டணம் எடுக்கப்படும். நீங்கள் ஒரே ஒரு நிலையம் போயிருந்தாலும் அமைப்புக்கு அது தெரியாது. இதில் மிகவும் வருத்தமான விஷயம், அந்தக் கூடுதல் தொகை, ஒரு நாளில் இதற்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்ற அன்றைய உச்சவரம்புக் கணக்கிலும் சேராது என்பதுதான்.

நிலையத்துக்குள் நெடுநேரம் இருப்பதிலும் இதே ஆபத்து உண்டு. கடக்கும் மண்டலங்களுக்கு ஏற்ப ஒரு பயணத்துக்கு இவ்வளவு நேரம் என்ற வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் ஒரே பயணம் இரண்டு அரைகுறைப் பயணங்களாகப் பிரிந்து, அதிகபட்சக் கட்டணம் இரண்டு முறை விழும். நடைமேடையில் உட்கார்ந்து உறவினருக்காக மணிக்கணக்கில் காத்திருக்காமல், வெளியே வந்து காத்திருங்கள்.

நுழையும்போதே அட்டையை வைக்காமல் பயணம் செய்து பரிசோதகரிடம் அகப்பட்டால் அது வேறு. அதற்கு அபராதக் கட்டணம் 100 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டினால் பாதி.

நான் இரண்டு முறையும் வைத்தேன். ஆனாலும் கூடுதலாகப் பணம் போயிருக்கிறதே?

பெரும்பாலும் நுழைந்தது ஓர் அட்டை, வெளியேறியது வேறோர் அட்டை என்று இருக்கும். சென்ற ஆண்டு எங்கள் பெரியம்மாவுக்கு இதுதான் நேர்ந்தது. கைப்பேசி உறையின் பின்பக்கப் பையில் வங்கி அட்டையைச் செருகி வைத்திருந்தார். காலையில் கைப்பேசியைக் கையிலெடுத்து ரீடரில் வைத்தபோது கைப்பேசியில் உள்ள அட்டை பதிவானது. வெளியேறும்போது உறையை அப்படியே திருப்பி வைத்ததால் பின்னால் இருந்த பிளாஸ்டிக் அட்டை பதிவானது. இரண்டு முறையும் பச்சை விளக்கு எரிந்தது, கதவும் திறந்தது. அதனால் மூன்று நாள் இது எங்களுக்குத் தெரியவே இல்லை. வங்கிக் கணக்கில் இரண்டு அதிகபட்சக் கட்டணங்கள் அருகருகே இருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

கைப்பேசியில் ஏற்றியிருப்பது அதே வங்கி அட்டையாக இருந்தாலும், அமைப்பின் கண்ணுக்கு அது வேறோர் அட்டை. கைக்கடிகாரமும் அப்படித்தான். எதைக் கொண்டு நாளைத் தொடங்கினீர்களோ, அதையே இரவு வரை பயன்படுத்துங்கள். பணப்பையைத் திறந்து, அந்த ஓர் அட்டையை மட்டும் வெளியே எடுத்து வைப்பதே பாதுகாப்பு. இருவர் சேர்ந்து போனால் ஆளுக்கோர் அட்டை வேண்டும். ஒரே அட்டையில் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் பயணம் செய்ய முடியாது.

உச்சவரம்பு என்கிறார்களே, அது என்ன?

இந்த முறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஒரு நாளில் நீங்கள் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், குறிப்பிட்ட தொகையைத் தொட்டவுடன் அதற்கு மேல் கட்டணம் எடுக்க மாட்டார்கள். 1, 2 மண்டலங்களுக்குள் அந்தத் தொகை 8.90 பவுண்டு, 1 முதல் 6 வரை என்றால் 16.30 பவுண்டு, பேருந்து, டிராம் மட்டும் என்றால் 5.25 பவுண்டு. இங்கே நாள் என்பது விடியற்காலை 4:30 முதல் மறுநாள் 4:30 வரை. எனவே நள்ளிரவு தாண்டி வீடு திரும்பினாலும் அது முந்தைய நாள் கணக்கிலேயே சேரும்.

வார உச்சவரம்பு திங்கள் முதல் ஞாயிறு வரை. 1, 2 மண்டலங்களுக்கு அது 44.70 பவுண்டு, அதாவது நாள் வரம்பின் ஐந்து மடங்குக்குச் சற்றே மேல். வாரம் ஐந்து நாள் வரம்பைத் தொடும் அளவுக்குப் பயணம் செய்பவருக்குச் சனி, ஞாயிறு கிட்டத்தட்ட இலவசமாகிவிடும். வியாழக்கிழமை வந்து அடுத்த புதன்கிழமை திரும்பும் விருந்தினருக்கு இது உதவாது, ஏனென்றால் அவரது ஏழு நாள் இரண்டு வாரங்களாக உடைந்துவிடுகிறது. எந்த நாளிலும் தொடங்கக்கூடிய ஏழு நாள் டிராவல்கார்டை ஆய்ஸ்டரில் ஏற்றிக்கொள்வது அவருக்கு நல்லது.

முன்பெல்லாம் ஒற்றைச் சீட்டா, நாள் சீட்டா, வாரச் சீட்டா என்பதைக் காலையிலேயே முடிவு செய்ய வேண்டியிருந்தது. மொத்தமாகக் கொடுக்கக் கையில் பணம் இல்லாதவர்தான் ஒற்றைச் சீட்டாக வாங்கி வாங்கிக் கடைசியில் அதிகம் செலவழித்தார். இப்போது அந்தக் கணக்கை அட்டையே பார்த்துக்கொள்கிறது. முன்பணம் இல்லாதவருக்கும் மலிவான கட்டணமே கிடைக்கிறது.

நெரிசல் நேரம் எது?

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6:30 முதல் 9:30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும். பொது விடுமுறை நாட்களில் கிடையாது. நுழையும்போது அட்டையை வைத்த நேரமே கணக்கு. காலை 9:25-க்கு நிலையத்தை அடைந்தவர் ஐந்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே போனால் குறைந்த கட்டணம் கிடைக்கும். பலருக்குத் தெரியாத சலுகை ஒன்றும் உண்டு: மாலை நெரிசல் நேரத்தில் வெளி மண்டலத்திலிருந்து 1-ஆம் மண்டலத்துக்குப் போனால் நெரிசலற்ற கட்டணமே எடுக்கப்படும், ஏனென்றால் அந்த நேரத்தில் கூட்டம் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கும்.

இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும் ரீடர் எதற்கு?

1-ஆம் மண்டலத்துக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன் என்று அமைப்புக்குத் தெரிவிப்பதற்கு. ஈஸ்ட் ஹாமிலிருந்து வெம்ப்லி பார்க் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். நகரின் நடுவே புகுந்து போகலாம். அல்லது டிஸ்ட்ரிக்ட் தடத்தில் வெஸ்ட் ஹாம் வரை போய், ஜூபிலி தடத்தில் ஒரு நிலையம் தள்ளி ஸ்டிராட்ஃபோர்டில் இறங்கி, அங்கிருந்து மைல்ட்மே தடத்தில் வெஸ்ட் ஹாம்ஸ்டெட் வரை போய், வெளியே வந்து சாலையில் சில அடி நடந்து ஜூபிலி தட நிலையத்துக்குள் நுழைந்து வெம்ப்லி பார்க்கை அடையலாம். இரண்டாவது வழியில் 1-ஆம் மண்டலம் வராது, ஆகவே கட்டணம் குறையும். ஸ்டிராட்ஃபோர்டில் ரயில் மாறும்போது இளஞ்சிவப்பு ரீடரில் அட்டையை வையுங்கள். அதில் பணம் எடுக்கப்படாது, வழி மட்டும் பதிவாகும். வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டில் ஒரு நிலையத்திலிருந்து வெளியேறி அடுத்த நிலையத்துக்குள் நுழைந்தாலும், இடையில் கடைக்குப் போகாமல் உடனே நுழைந்தால் அமைப்பு அதை ஒரே பயணமாகச் சேர்த்துக்கொள்ளும். ஹைபரி அண்ட் இஸ்லிங்டன், வைட்சேப்பல், கனடா வாட்டர் போன்ற சந்திப்பு நிலையங்களிலும் இந்த இளஞ்சிவப்பு ரீடர்களைக் காணலாம்.

பேருந்தில் காசு கொடுத்து ஏறலாமா?

முடியாது. 2014 ஜூலை 6-ஆம் தேதியிலிருந்து லண்டன் பேருந்துகளில் காசு வாங்குவதில்லை. கட்டணம் 1.75 பவுண்டு; முதல் பேருந்தில் அட்டையை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறி ஏறினாலும் அதே 1.75-தான். ஆய்ஸ்டரில் மீதி போதாவிட்டாலும் ஒரு முறை மட்டும் ஏற விடுவார்கள். இரவில் வழியில் தவித்து நிற்க நேராமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. அடுத்த பயணத்துக்கு முன் பணம் ஏற்றிவிட வேண்டும்.

விடியற்காலையில் நகரின் நடுவே அலுவலகங்களைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள், கடைகளைத் திறக்கப் போகிறவர்கள் எனப் பலர், நேரம் கூடுதலாக ஆனாலும் பேருந்திலேயே போகிறார்கள். வாடகை குறைவாக இருக்கிறதே என்று வெளி மண்டலத்தில் குடியேறியவருக்கு ரயில் கட்டணம் அந்த மிச்சத்தைத் தின்றுவிடுகிறது. மண்டலமில்லாத பேருந்துதான் அவர்களைக் காப்பாற்றுகிறது. வீடு பார்க்கும்போது வாடகையுடன் மண்டலக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்று புதிதாக வருபவர்களிடம் தவறாமல் சொல்லிவருகிறேன்.

குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும்?

11 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பேருந்தில் கட்டணம் இல்லை. சுரங்க ரயிலில், பயணச்சீட்டு உள்ள ஒரு பெரியவருடன் நான்கு குழந்தைகள் வரை இலவசமாகப் போகலாம். அகலக் கதவருகே நிற்கும் ஊழியரிடம் சொன்னால் உள்ளே விடுவார். சுற்றுலா வரும் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ‘யங் விசிட்டர்’ சலுகை உண்டு: ஊழியரிடம் கேட்டு ஆய்ஸ்டரில் பதிந்துகொண்டால் 14 நாள் வரை பாதிக் கட்டணம்.

மூத்தோருக்கான இலவச அட்டைகள் லண்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே. ஊரிலிருந்து பார்க்க வரும் தாய் தந்தையருக்கு அவை கிடையாது.

ஹீத்ரோவிலிருந்து வீட்டுக்கு எந்த ரயிலில் வருவது மலிவு?

பிக்காடிலி தடம். எலிசபெத் தடம் விரைவானது, பெட்டிகளை வைக்கவும் இடம் உண்டு. ஆனால் ஹீத்ரோவிலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு அதன் கட்டணம் பிக்காடிலியைப்போல் இரு மடங்குக்கும் மேல். நீண்ட விமானப் பயணத்தில் களைத்து வரும் வயதானவர்களுக்கு அந்தக் கூடுதல் தொகை தகும் என்றே நினைக்கிறேன். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் தனி ரகம். அதிலும் அட்டையை வைக்கலாம், ஆனால் நாள் உச்சவரம்பு அதற்குப் பொருந்தாது.

தவறாக எடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

முடியும். ஆய்ஸ்டரையோ வங்கி அட்டையையோ லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் தளத்திலோ செயலியிலோ பதிவு செய்து வைத்தால், ஒவ்வொரு பயணமும் நிலையப் பெயருடனும் நேரத்துடனும் தெரியும். முழுமையடையாத பயணம் இருந்தால், எங்கே இறங்கினீர்கள் என்பதைக் குறிப்பிட்டுத் திரும்பக் கேட்கலாம். எட்டு வாரத்துக்குள் கேட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் எல்லோருடைய பயணப் பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிடுகிறோம். பெரியம்மாவின் இரண்டு கட்டணங்களையும் இந்தப் பட்டியலில் சரிபார்த்துத்தான் திரும்பக் கேட்டோம், பணமும் திரும்பி வந்தது.

அட்டை தொலைந்தாலும் இந்தப் பதிவுதான் கைகொடுக்கும். தொலைந்ததாகத் தெரிவித்தவுடன் பழைய அட்டையை நிறுத்தி, மீதிப் பணத்தைப் புதிய அட்டைக்கு மாற்றித் தருவார்கள். பதிவு செய்யாத அட்டை என்றால் அதிலிருந்த பணம் உங்களுடையது என்று காட்ட வழியே இல்லை. ஆகவே அட்டையை வாங்கிய அன்று இரவே, தூங்கப் போகும் முன், அதன் எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள்.